மணியம் அண்ணன் கழற்றாத காலுறை

கோலாலம்பூர், சாலாக் செலாத்தானில் நான்காவது மாடி வீடு. கதவு திறந்ததுமே வாடை வந்தது. முப்பது வருடம் தாதியாக வேலை பார்த்தவளுக்கு அது என்ன வாடை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சதை அழுகும் வாடை. லெட்சுமி அக்காவின் முதுகுப் புண் மோசமாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு, கையுறை மாட்டி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கட்டைப் பிரித்தேன்.

புண் சுத்தமாக இருந்தது. போன வாரத்தைவிடச் சிறியதாகி, ஓரமெல்லாம் புதுத் தோல் பிடித்திருந்தது. வாடை மட்டும் போகவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கணவர் மணியம் அண்ணன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று மனைவியின் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. முகம் கறுத்திருந்தது. வீட்டுக்குள்ளேயே கறுப்புக் காலுறை போட்டிருந்தார். அந்தக் காலுறையை நான் ஐந்தாறு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன வருடம் பணி ஓய்வு பெற்றேன். வீட்டு விசிட் வேலைக்குப் புதிதாக வரும் தாதிகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் நன்றாகச் செய்தவற்றை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இதை எழுதாமல் வேறெதையும் எழுத வரவில்லை.

வீட்டு விசிட்

என் கடைசிப் பத்து வருடம் அரசாங்க கிளினிக்கில், வீட்டு விசிட் குழுவில். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்பட்ட படுத்த படுக்கை நோயாளிகளை வாரம் ஒரு முறை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். புண்ணுக்கு டிரெஸ்ஸிங், மூக்குக் குழாய் மாற்றுவது, பிரஷர் பார்ப்பது. அதைவிட முக்கியமான வேலை, வீட்டில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுப்பது. எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, எப்படிக் கழுவுவது, எப்போது பயப்பட வேண்டும் என்று.

மணியம் அண்ணன் ஒரு தொழிற்சாலையில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து நான்கு. லெட்சுமி அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரே மகன் குமரன் ஜொகூரில் வேலை. மாதம் ஒரு முறை வருவார். வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

நான் முதன்முறை போனபோது அக்காவின் முதுகில் என் உள்ளங்கை போகிற அளவுக்குக் குழி. மணியம் அண்ணன் அதைப் பார்த்து அழுதார். அழுது முடித்துவிட்டு, "நான் என்ன செய்யணும், சொல்லுங்க மிஸ்ஸி," என்றார். எங்கள் பக்கம் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

சொன்னதெல்லாம் செய்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பினார். சுவரில் பழைய காலண்டர் தாளை ஒட்டி, திருப்பிய நேரத்தைப் பென்சிலால் குறித்து வைத்தார். மடித்த போர்வையை அடியில் கொடுத்து, ஒற்றை ஆளாக அக்காவை நகர்த்தும் வித்தையை அவரே கண்டுபிடித்தார். புண் மூடிக்கொண்டே வந்தது. என் பத்து வருடத்தில் அப்படியொரு புண் வீட்டிலேயே ஆறி நான் பார்த்ததில்லை.

கிளினிக்கில் குடும்பத்தினருக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினோம். அக்காவை அடுத்த வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வரச் சொல்லி, மணியம் அண்ணனை முன்னால் நிறுத்தினேன். அந்தப் போர்வை வித்தையைச் செய்து காட்டினார். "ஒரு நாள்கூட லீவு எடுக்காம பாக்கறாரு. இவரப் பாத்துக் கத்துக்குங்க," என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விசிட் படிவத்தில் பராமரிப்பவரைப் பற்றி ஒரு வரி உண்டு. ஒவ்வொரு வாரமும் அதில் 'நன்று' என்று எழுதினேன். அவர் அக்காவை நன்றாகப் பார்க்கிறார் என்பதுதான் அதன் பொருள். அவர் நன்றாக இருக்கிறாரா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

காஸ் பாக்கெட்

டிரெஸ்ஸிங்குக்கான காஸ் என்ற மெல்லிய வலைத்துணியைக் கிளினிக்கிலிருந்து கணக்காகத்தான் கொடுப்போம். ஒரு வாரத்துக்குப் பதினான்கு பாக்கெட். மணியம் அண்ணன் வீட்டில் எப்போதும் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும். திடீரென்று பற்றாமல் போக ஆரம்பித்தது. புண் சிறியதாகிறது, துணி அதிகம் செலவாகிறது. எனக்குக் கோபம் வந்தது. ஸ்டோரில் தட்டுப்பாடு, மேலிடத்தில் எனக்குக் கேள்வி.

"என்ன மணியம் அண்ணே, பதினாலு பாக்கெட் எப்படி நாலு நாள்ல முடியும்? பெஞ்சு தொடைக்கிறீங்களா?"

"சோரி மிஸ்ஸி. கை தவறி கீழ விழுந்துருச்சு. விழுந்தத போடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"தடவ தடவயா விழுதா?"

லெட்சுமி அக்கா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். டக், டக் என்று விடாமல் தட்டினார்.

"தண்ணி கேக்குறா," என்று சொல்லிவிட்டு அண்ணன் உள்ளே போனார். அடுத்த வாரமும் அக்கா தட்டினார். அதற்கடுத்த வாரமும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். பிடிவாதம் கூடிவிட்டது, ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கு இப்படி ஆகும் என்று நானே அண்ணனுக்கு விளக்கம் சொன்னேன்.

காலுறையைப் பற்றியும் ஒரு முறை கேட்டேன். கேட்டேன் என்றால், பேச்சுவாக்கில்.

"என்னண்ணே, வீட்ல சாக்ஸு?"

"தர சில்லுனு இருக்கு மிஸ்ஸி."

கோலாலம்பூர் வெயிலில், காற்றாடி மட்டும் ஓடும் நான்காவது மாடி வீட்டில், தரை சில்லென்று இருக்கிறதாம். சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கீழே கார் காத்திருந்தது. அன்று இன்னும் மூன்று வீடு பாக்கி.

கழற்றிய நாள்

அந்த வாடை வந்த நாளுக்குத் திரும்புகிறேன்.

"அண்ணே, உக்காருங்க. சாக்ஸக் கழட்டுங்க," என்றேன்.

"அவளுக்கு மொதல்ல கட்டிருங்க மிஸ்ஸி."

கட்டினேன். அதற்குள் மனதை மாற்றிக்கொண்டார். "இல்ல மிஸ்ஸி, சின்னக் காயம்தான். ஆறிட்டு வருது லா."

அப்போது லெட்சுமி அக்கா கம்பியைத் தட்ட ஆரம்பித்தார். இந்த முறை நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கணவரின் காலைப் பார்த்துக்கொண்டே தட்டினார். அத்தனை வாரமும் அந்த வீட்டில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பேச்சில்லாத அவர் ஒருவர்தான்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்து காலுறையை உருவினேன். உள்ளே எங்கள் கிளினிக் காஸ் துணி, நான் சொல்லிக் கொடுத்த அதே முறையில், ஒழுங்காகச் சுற்றியிருந்தது. இரண்டு விரல் கறுத்துப் போயிருந்தன. பாதத்தின் ஓரத்தில் சீழ். சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டார்.

சர்க்கரை பார்த்தேன். மீட்டரில் எண் வரவில்லை. 'ஹை' என்று மட்டும் காட்டியது.

"ஒங்களுக்கு இனிப்பு நீர் இருக்கா?"

"பன்னெண்டு வருஷமா இருக்கு மிஸ்ஸி."

பதினான்கு மாதமாக அந்த வீட்டுக்குப் போகிறேன். அது எனக்குத் தெரியாது. குளிர்பெட்டியில் அவருடைய இன்சுலின் ஊசி மருந்து அப்படியே இருந்தது. அக்காவைக் குளிப்பாட்டும்போது ஒரு நாள் சர்க்கரை இறங்கிக் கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். "நான் மயங்கி விழுந்தா அவளுக்கு யாரு? அதான் ஊசியக் கொறச்சிட்டேன். அப்புறம் விட்டுட்டேன்," என்றார். அவருடைய அப்பாய்ண்ட்மெண்டுக்கு ஆஸ்பத்திரியில் அரை நாள் காத்திருக்க வேண்டும். மூன்று முறை போகவில்லை. அக்காவின் சக்கர நாற்காலி அவர் காலில் ஏறியதுதான் காயத்துக்கு ஆரம்பம். வலியே இல்லையாம். இனிப்பு நீரில் காலுக்கு உணர்ச்சி போயிருக்கும். வலிக்காததால் சின்னக் காயம் என்று நினைத்திருக்கிறார்.

"என்கிட்ட ஏன்ணே சொல்லல? வாரா வாரம் வரேனே."

"எல்லார் முன்னாடியும் என்னக் காட்டிப் பேசினீங்க. அப்புறம் எப்படி மிஸ்ஸி எனக்கு முடியலன்னு சொல்றது? அப்புறம் காஸுக்கு வேற ஏசிட்டீங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் காரணம் கேட்டேன், அவர் காரணத்தைச் சொன்னார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று ஒரு மணி நேரம் அடம்பிடித்தார். நான் ஜொகூருக்குப் போன் போட்டேன். குமரன் வந்து சேரும்வரை அடுத்த வீட்டுப் பெண் அக்காவுடன் இருப்பதாகச் சொன்ன பிறகுதான் எழுந்தார். கதவருகே நின்று, "நாலு மணிக்குத் திருப்பணும்," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

பிறகு

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பத்து நாளில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். குமரனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் லீவு கிடைக்கவில்லை. லெட்சுமி அக்காவைக் கிள்ளானில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. இருபது பேருக்கு மூன்று ஆள், அவ்வளவுதான் முடியும். ஆறிய புண் மறுபடி திறந்தது. எட்டு மாதம் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். அந்த எட்டு மாதத்தில் மணியம் அண்ணன் அவரை நான்கு முறைதான் பார்க்க முடிந்தது.

எங்கள் தலைமைத் தாதி, சிஸ்டர் என்போம், ஒரு மலாய்க்காரப் பெண்மணி, நல்லவர். நான் அழுததைப் பார்த்து, "அவர் உன் பேஷண்ட் இல்லையே, அவர் பெயரில் கார்டே இல்லையே," என்று மலாயில் ஆறுதல் சொன்னார். அது உண்மைதான். அந்த உண்மை எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்தது இரண்டு வருடம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பராமரிப்பவரை உட்காரச் சொன்னேன். அவருக்குப் பிரஷர், சர்க்கரை பார்த்தேன். கடைசியாக எப்போது தூங்கினீர்கள், உங்கள் மருந்து எங்கே, காட்டுங்கள் என்று கேட்டேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "நீங்க அப்பாவப் பாக்க வந்தீங்களா, என்னப் பாக்க வந்தீங்களா?" என்று முகத்தைச் சுளித்தாள். பிரஷர் நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் இருந்தது. அன்றே அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டு, சனி ஞாயிறு இரண்டு நாளும் அவர் வந்து அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று பேசி முடித்துவிட்டுத்தான் அந்த வீட்டை விட்டு வந்தேன். மிஸ்ஸிக்கு இதெல்லாம் வேலையா என்று அண்ணன்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

மணியம் அண்ணன் இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் தங்கை வீட்டில் இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். செயற்கைக் கால் போட்டு நடக்கிறார். ஊசியை ஒழுங்காகப் போடுகிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். பெரிய பேச்செல்லாம் இல்லை. "மொதல்லயே ஒங்களக் கேட்டிருக்கணும்ணே. நான் கேக்கல," என்றேன்.

தேநீரை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல மிஸ்ஸி. மறச்சிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்," என்றார். "ஆனா யாராச்சும் கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கேளுங்கள். ஒன்றுமில்லை என்பார்கள். அடுத்த வாரமும் கேளுங்கள்.