ஜாபேஸின் பத்தாவது ஆடு

எம்.ரெட்டியபட்டியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜாபேஸிடம் மூன்று வருடங்களாக ஒன்பது ஆடுகளுக்கு மேல் இருந்ததே இல்லை. நோயோ நாயோ காரணமில்லை. அவர் செய்த பொருத்தனைதான் காரணம்.

ஓர் உபவாசக் கூட்டத்தில் எல்லோரும் அழுது ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஜாபேஸும் உருகிப்போய் எழுந்து நின்றார். "ஆண்டவரே, என் ஆடு பத்தாப் பெருகுனா, தசமபாகமா ஒண்ணு ஒமக்கு!" என்று சபையறியச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவரிடம் இருந்தவை நான்கு. பத்து என்பது ரொம்பத் தூரத்தில் தெரிந்தது.

ஆடுகளோ பெருகின. ஒன்பதானதும் ஜாபேஸுக்குக் கலக்கம் வந்துவிட்டது. கொடுக்கவும் மனசில்லை, ஆண்டவரிடம் சொன்னதை மீறவும் பயம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஏதாவது ஓர் ஆடு குட்டி போடும் நிலைக்கு வந்ததும், வேறு இரண்டைப் பிடித்துப் பக்கத்து வீட்டு செல்லப்பாண்டியிடம் விற்றுவிடுவார். இரட்டைக் குட்டி பிறந்தாலும் ஒன்பதைத் தாண்டாது.

செல்லப்பாண்டி அய்யனாரைக் கும்பிடுகிறவர். ஆனாலும் ஜாபேஸின் பொருத்தனை அவருக்கு மனப்பாடம்.

"ஏலே ஜாபேசு, கருப்பிக்கு மடி இறங்கிருச்சு போலருக்கே? இன்னைக்கு வெலைன்னா ஆட்டுக்கு நாலாயிரம். நாளைக்கு வந்தா மூவாயிரத்தி ஐநூறு" என்பார். சந்தையில் ஏழாயிரம் போகும் ஆட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்துக் கொடுப்பார் ஜாபேஸ்.

இந்த வருடம், விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலுக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கருப்பி மூன்று குட்டி போட்டது. ஏழும் மூன்றும் பத்து. ஜாபேஸ் மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டு அவசரமாகச் செல்லப்பாண்டி வீட்டுக்கு ஓடினார். அவர் திருச்சுழிக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் ஜாபேஸின் மனைவி சுகந்தி கோயிலுக்குப் போய்ப் போதகரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"எதுக்குடி சொன்ன?"

"மூணு வருசமா அடிமாட்டு வெலைக்கு வித்தீகளே, அந்த நட்டத்துல நாலு ஆடு குடுத்திருக்கலாம். ஆண்டவரை ஏமாத்துறேன்னு செல்லப்பாண்டி அண்ணனைத்தான் பணக்காரராக்கிட்டீக."

சனிக்கிழமை காலை இளம் போதகர் அஷ்லின் வந்தார். ஜாபேஸ் பதறாமல், பிறந்து ஒரு வாரமான நோஞ்சான் குட்டியைத் தூக்கி நீட்டினார்.

போதகர் சிரித்தார். "அண்ணே, இதுக்கு வேதத்துல ஒரு முறை இருக்கு. பட்டியத் தொறந்துவிட்டு, கோலை நீட்டிக்கிட்டு எண்ணணும். பத்தாவதா வாரது கர்த்தருக்கு. நல்லதா, மோசமான்னு நாம பாக்கக் கூடாது."

ஜாபேஸுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். குட்டிகள்தானே தடுமாறித் தடுமாறிக் கடைசியில் வரும்? கம்பை நீட்டிக்கொண்டு நின்றார்.

பட்டிப் படலைத் திறந்ததும் கருப்பி பாய்ந்து வந்தது. பாலுக்காக அதன் பின்னாலேயே மூன்று குட்டிகளும் துள்ளி வந்தன. இரண்டு, மூன்று, நான்கு. ஜாபேஸின் முகம் மாறியது. ஒன்பதாவது ஆடும் தாண்டிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு விற்பதற்காகக் கடலைக்கொடியும் புண்ணாக்கும் வைத்து அவர் வளர்த்த கிடா மட்டும் தீனிச்சட்டியில் தலையைவிட்டு நின்றது.

"வந்துருடா... வராதடா!" என்று எதைச் சொல்வதென்று தெரியாமல் கத்தினார் ஜாபேஸ்.

சட்டியை நக்கி முடித்துவிட்டு நிதானமாகக் கம்புக்குக் கீழே நடந்து வந்தது கிடா.

மறுநாள் பண்டிகை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் காணிக்கைகளின் ஏலம். கிடாவைப் பார்க்கப் பார்க்க ஜாபேஸுக்குத் தாங்கவில்லை. "எட்டாயிரம்!" என்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த செல்லப்பாண்டி "ஒம்பதாயிரம்" என்றார். "பத்தாயிரம்!" என்று ஜாபேஸ் எழுந்தபோது சுகந்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"குடுத்ததை யாராச்சும் வெலைக்கு வாங்குவாகளா? உக்காருங்க."

பன்னிரண்டாயிரத்துக்குக் கிடா செல்லப்பாண்டிக்குப் போயிற்று. முதன்முறையாக முழு விலை கொடுத்து வாங்கிய கடுப்பில் அவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

அதைப் பார்த்ததும் ஜாபேஸுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தார். போதகர் வந்து கை கொடுத்தபோதும் சிரிப்பு அடங்கவில்லை. மூன்று வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது போலிருந்தது.

இப்போதெல்லாம் காலையில் ஆட்டோ எடுக்கும் முன், செல்லப்பாண்டி வீட்டுச் சுவருக்கு மேலாகக் கை நிறையக் கடலைக்கொடியை அந்தப் பக்கம் போடுகிறார்.

"அதான் எங்க கிடா ஆயிருச்சே, நீ எதுக்குப் போடுற?" என்று செல்லப்பாண்டி கேட்டதற்கு, "சும்மா போடுறேன், திங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.