லிஸ்பெத்தின் கற்கால ரொட்டி

எங்கள் ஆர்ஹூஸ் பஸ் டிப்போவில் வெள்ளிக்கிழமை காலை ரொட்டியை முறைவைத்துக் கொண்டுவருவோம். அன்று ஓட்டுநர் லிஸ்பெத்தின் முறை. அவள் பேலியோ என்ற கற்கால மனிதர் உணவுமுறைக்கு மாறி மூன்று வாரம். மாவு, சர்க்கரை, பால் எதையும் தொடுவதில்லை.

"பாருங்கப்பா, கற்கால ரொட்டி! பாதாம், ஆளிவிதை, அஞ்சு முட்டை, கொஞ்சம் எண்ணெய். கலக்கி ஒரு மணி நேரம் ஓவன்ல வெச்சேன், அவ்வளவுதான்!" என்று குதித்தாள்.

"செங்கல் மாதிரி இருக்கேக்கா," என்றான் மெக்கானிக் ஹெனிங்.

"தின்னுட்டுப் பேசுடா!"

தின்றான். அடுத்த துண்டுக்குக் கை நீட்டினான்.

லிஸ்பெத்துக்குத் தலைகால் புரியவில்லை. தானும் ஒரு துண்டை எடுத்து, எங்கள் ஊர் வழக்கப்படி வெண்ணெயைக் கனமாக அப்பிக் கடித்தாள். வெண்ணெயில் பல்வரிசை அச்சாகப் பதிந்தது.

ஹெனிங் அதையே பார்த்தான். "ஏக்கா, கற்காலத்துல மாடு யாரு கறந்தா?"