அவள் வயிறும் அவர்கள் மானமும்

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். வாய் கொஞ்சம் நீளம். கிளட்சை விடத் தெரியாமல் வண்டியைக் குதிக்கவைக்கும் பெரிய மனிதர்களைப் பார்த்து, "சார், இது வண்டி. கோபம் வந்தா உதைக்கிறதுக்கு வீட்டுல வேற ஏதாவது வெச்சிருப்பீங்க, அங்க போய் உதைங்க" என்பாள். அவர்களும் அசடு வழியச் சிரித்துவிட்டு, மறுநாள் சரியாக வந்துவிடுவார்கள். நான் அதே ஸ்கூலில் விண்ணப்பம் எழுதும் கிளார்க், அவளைவிட இளையவள். அவள் வாயால் நானும் நிறைய வாங்கியிருக்கிறேன்.

அவள் முதுகெலும்பை உடைத்தது அவளிடம் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை, அவள் வீட்டுக்காரர். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் சொன்னதை அந்த மனுஷர் ஒரு நாளும் கேட்டதில்லை. மழை பெய்து ஓய்ந்த சாலை, முன்னால் ஒரு வளைவு. "மெதுவா போங்க" என்றிருக்கிறாள். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டு, தான் யாரென்று காட்ட ஆக்ஸிலேட்டரை இன்னும் ஒரு அழுத்து அழுத்தினார். வண்டி மூன்று முறை புரண்டது. அவருக்கு முழங்கையில் நாலு தையல். அவளுக்குத் தொப்புளுக்குக் கீழே எதுவுமே தெரியாமல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்ன ஒரே வார்த்தை, "விதி". விதியா ஸ்டியரிங்கைப் பிடித்தது?

ஒரு வருடம் கழித்து வீல்சேரில் வேலைக்குத் திரும்பினாள். சாலை விதிகளும் சைகைப் பலகைகளும் சொல்லித்தரும் வகுப்பை முதலாளி அவளிடம் கொடுத்தார். காலை எட்டரைக்கு முதல் வகுப்பு. அங்கேதான் சிக்கல். நடக்க முடியாதது மட்டும்தான் இந்த நோயின் கஷ்டம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். குடலுக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோனால் மலம் தானாக வெளியே வராது, வரக்கூடாத நேரத்தில் அடங்கியும் இருக்காது.

அதற்காக அவளுடைய அக்கா வந்தாள். மருந்துக் கடை கவுண்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், கல்யாணம் ஆகாதவள். இரண்டு மாதம் என்று லீவு போட்டவள் நாலு வருடம் வேலைக்கே திரும்பவில்லை. தினமும் காலை ஐந்து மணிக்குத் தங்கையை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைப்பாள். ஆசனவாய்க்குள் மாத்திரை வைத்துவிட்டுக் காத்திருப்பாள். அப்புறம் கையுறை போட்டு விரலை விட்டுத் தூண்டி, தேங்கியதைக் கையாலேயே எடுப்பாள். பிறகு நடுவில் ஓட்டை உள்ள நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து வயிற்றைத் தேய்த்துவிட்டு மறுபடி காத்திருப்பாள். எல்லாம் முடிய இரண்டரை மணி நேரம், சில நாள் மூன்று. முடிந்தது என்று நினைத்துக் குளிப்பாட்டி உடுத்தி அனுப்பினால், பத்து மணிக்கு வகுப்பு நடுவில் மிச்சம் வந்துவிடும். அவளுக்கு வந்தது தெரியாது. அடுத்தவர் மூக்கு சுளிப்பதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் நானே ரிஜிஸ்டரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள். "நீயுமா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தேவலை.

இந்த நாலு வருடமும் வீட்டுக்காரர் என்ன செய்தார்? அந்த இரண்டரை மணி நேரமும் ஹாலில் பேப்பர் படித்தார். ஜன்னலைத் திறந்துவைத்தார். "இன்னும் முடியலையா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டார். வெளியே போனால் மட்டும், "எல்லாம் நான்தான் பாத்துக்கிறேன், என்ன பண்றது, கட்டிக்கிட்டோமே" என்பார். கேட்பவர்கள் உருகிப்போய், "உங்கள மாதிரி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்பார்கள். தலையைத் தாழ்த்தி அதை வாங்கிக்கொள்வார். அந்தத் தாழ்த்தலைப் பார்க்க வேண்டும், நடிப்பில் அப்படி ஒரு சுத்தம்.

நாலாவது வருடம் முதுகின் அடி எலும்பு மேல் படுக்கைப் புண் வந்தது. கட்டுப் போடப் போட மலம் பட்டுப் பட்டு ஆறவே இல்லை. எட்டு மாதம் ஆயிற்று. புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் ஒருத்தி, கொஞ்சம் முரட்டுப் பேச்சுக்காரி, ஒரு நாள் பஞ்சை எறிந்துவிட்டுக் கேட்டாள்: "குடலை வயித்து வழியா வெளிய எடுத்துப் பை வெச்சுட்டா இந்தப் புண்ணும் ஆறும், உங்க காலை நேரமும் மிச்சமாகும். கொலாஸ்டமின்னு பேரு. இத்தனை வருஷமா யாருமே சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டதற்கு, "அதெல்லாம் கடைசி கட்டத்துல யோசிக்கிற விஷயம்மா" என்றார். தினமும் இரண்டரை மணி நேரம் அக்கா கையில் பிழியப்படுவது அவருக்கு எத்தனையாவது கட்டமோ!

விஷயம் வீட்டில் தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியோடு வந்து இறங்கினார். இன்சூரன்ஸ் ஆபீசில் ரிட்டயர் ஆனவர், அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் அவருக்குத் தனி உற்சாகம். டீச்சர்தான் என்னையும் வரச்சொல்லியிருந்தாள். "ஒரு ஆளாவது என் பக்கம் வேணும், நீ பேச வேணாம், உக்காரு போதும்."

அண்ணன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "வயித்துல ஓட்டை போட்டுப் பையைத் தொங்கவிடுறதாம்மா? நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"அந்த நாலு பேரை நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வரச் சொல்லுங்க மாமா. ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை தர்றேன்."

"இயற்கைக்கு விரோதமா ஒண்ணு..."

"எங்க அக்கா விரல் உள்ள போறது இயற்கையா?"

அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆயிற்று. அவர் மனைவி மடியில் இல்லாத தூசியைத் தட்ட ஆரம்பித்தாள். அப்போதுதான் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "என்னையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு. பையோட இருக்கிறவ பக்கத்துல நான் எப்படிப் படுக்கிறது? எனக்கு அருவருப்பா இருக்காதா?"

"நாலு வருஷமா ஹால் சோபாவுலதானே படுக்கிறீங்க? சோபாவுக்கு ஒண்ணும் ஆகாது, கவலப்படாதீங்க."

இதோடு முடிந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். எதிர்பாராத இடத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. சுவரோரம் நின்றுகொண்டிருந்த அக்கா, "நான் முடியலன்னு சொன்னேனா?" என்றாள். "என் கை அலுத்துப்போச்சுன்னு உன்கிட்ட என்னிக்காவது சொன்னேனா? வயித்தைக் கிழிச்சுக்கிற அளவுக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

டீச்சர் அக்காவின் பக்கம் வீல்சேரைத் திருப்பினாள். அண்ணன்காரர் உடனே, "பாத்தியா, பெத்த தாய் மாதிரி பாத்துக்கிற அவளே வேணாங்கிறா" என்று எழுந்தார். அக்காவின் பெயரைக்கூட அதுவரை ஒழுங்காகச் சொல்லாத ஆசாமி. ஜெயித்துவிட்ட பெருமிதத்தோடு செருப்பு மாட்டினார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஆபீசில் இருவரும் டீ குடித்தோம். "அவங்களை எல்லாம் நான் மனுஷ கணக்குலயே சேக்கல. ஆனா எனக்கும் அருவருப்பாத்தான் இருக்கு" என்றாள் டீச்சர். வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒருவர் பையோடு இருந்ததை முதல் வருடமே பார்த்திருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். "முதுகு ஒடஞ்சது இன்னொருத்தர் திமிரு. இது நானே கேட்டு வாங்குறது. நாளைக்குத் தப்பா போச்சுன்னா யாரைத் திட்டுவேன், சொல்லு?" திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அவள் தவித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த முரட்டு நர்ஸுக்கு விஷயம் போயிற்று. அவள் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு வெறும் பையை எடுத்து, அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, டீச்சரின் வயிற்றில் இடப்பக்கம் ஒட்டிவிட்டாள். "மூணு நாள் இதோட இருங்க. வேலைக்குப் போங்க, வண்டியில ஏறுங்க, இறங்குங்க. பிடிக்கலன்னா பிச்சு எறிஞ்சிட்டு வாங்க."

மூன்று நாள் வகுப்பெடுத்தாள். குனிந்தாள், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறினாள், ஒரு முறை வீல்சேர் பெல்ட் அழுத்தி ஓரம் கழன்று சட்டை நனைந்தது. மறுபடி எப்படி ஒட்டுவது என்று தானே கற்றுக்கொண்டாள். வகுப்பில் யாரும் கவனிக்கவில்லை. நான் விஷயம் தெரிந்தவள் என்பதால் திருட்டுத்தனமாகப் பார்த்தேன், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் முடிவெடுத்ததற்குக் காரணம் அதுவல்ல. மூன்றாவது நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து டீ குடித்தார். டிவி பார்த்தார். அவள் சட்டையில் பட்டன் அவிழ்ந்திருக்கிறது என்று கூடச் சொன்னார். அருவருப்பில் படுக்க முடியாது என்ற அந்த மகாராஜா, மூன்று நாளும் பை இருப்பதையே பார்க்கவில்லை.

"இவருக்காகவா யோசிச்சேன்!" என்று மறுநாள் என்னிடம் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் முதலாளியே கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அக்காவிடம் மட்டும் நேரம் எடுத்துப் பேசினாள். என்ன பேசினாள் என்று முழுதாகத் தெரியாது. "உன் கை அலுக்கலக்கா. என் உடம்பு அலுத்துப்போச்சு. என் பாத்ரூம் கதவை நான் ஒருத்தியாவே சாத்திக்கணும்" என்றாளாம். அக்கா சம்மதம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகத் துணிகளை மடித்துவைத்தாள்.

ஆபரேஷன் செய்ய இன்னொரு டாக்டர். அவரும் முதலில், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, அவருக்கு விளக்கணும்" என்றார்.

"டாக்டர், எனக்குத் தொப்புளுக்குக் கீழதான் உணர்ச்சி இல்ல. மண்டை வேலை செய்யுது. எனக்கு விளக்குங்க."

அந்த டாக்டருக்கு அது உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கினார். பையை ஒட்டும் இடத்தில் தோல் புண்ணாகலாம், பக்கத்தில் குடல் பிதுங்கலாம், கீழே பழைய வழியில் சளி மாதிரி வந்துகொண்டிருக்கும், திரும்பப் பழையபடி ஆக்குவது சுலபமில்லை, இது எல்லோருக்கும் ஒத்துவரும் என்றும் சொல்ல முடியாது. மறைக்காமல் சொன்னார். அதற்காக மட்டும் அவரை நான் மன்னித்தேன். வயிற்றில் இடத்தைக் குறித்தது நர்ஸ். வீல்சேரில் உட்காரவைத்துத்தான் பேனாவால் வட்டம் போட்டாள். "படுத்துக்கிட்டா எல்லா வயிறும் தட்டையாத்தான் இருக்கும். நீங்க உக்காந்து வாழுறவங்க. உங்க கண்ணுக்குத் தெரியணும், கைக்கு எட்டணும்."

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மூன்று வாரம் நரகம். காய்ச்சல், வயிற்று உப்புசம், இரண்டு முறை பை கசிந்து சுற்றிலும் தோல் வெந்துபோயிற்று. "தப்பு பண்ணிட்டேனோ" என்று போனில் என்னிடம் ஒரு தடவை கேட்டாள். உதட்டின் உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக இருந்த அந்தக் குடல் முனையைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாளாம். பிறகு பார்த்தாள். பிறகு அதற்கும் திட்டு விழ ஆரம்பித்தது. திட்ட ஆரம்பித்துவிட்டாள் என்றதும் எனக்கு நிம்மதி.

இரண்டு மாதத்தில் காலை வேலை கால் மணி நேரமாயிற்று, அதுவும் அவள் கையாலேயே. ஐந்தாவது மாதம் புண் மூடியது. ஒரு நாள் வகுப்பில் பை சத்தம் போட்டது. பின் வரிசையில் ஒருவர், கோட்டு சூட்டு போட்ட ஆசாமி, சிரித்தார். "உங்க வயித்துலயும் இதே காத்துதான் சார் இருக்கு. நீங்க அடக்கிக்கிறீங்க, அவ்வளவுதான் உங்க பெருமை. அடுத்த பக்கத்தைத் திருப்புங்க" என்றாள். அவர் திருப்பினார்.

அக்காவுக்குத்தான் பழக நாளாயிற்று. வேறொரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஐந்து மணிக்கே எழுந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாளாம். "இன்னிக்கு சரியா போச்சா?" என்று கதவருகில் வந்து கேட்பாளாம். "அது என் கணக்கு. உனக்குக் கடைக்கு நேரமாகுது, போ" என்று விரட்டுவாளாம் தங்கை. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சரியானார்கள்.

வீட்டுக்காரர் இப்போது, "ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன்" என்று பேசித் திரிகிறார். அண்ணன்காரரும் பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிறார். என் காதாலேயே கேட்டேன். நேராக வந்து டீச்சரிடம் சொன்னேன். "இந்த மனுஷனை ஏன் இன்னும் வீட்டுல வெச்சிருக்கீங்க? போகச் சொல்லுங்களேன்."

"போகச் சொன்னா போயிடுவாரு. போன இடத்துல உக்காந்து, அவ பை வெச்சுக்கிட்டா, அதான் என்னால இருக்க முடியலன்னு எல்லார்கிட்டயும் சொல்லி அழுவாரு. அந்த அழுகைக்கும் நாலு பேர் உருகுவாங்க. எதுக்கு? சோபாவுலயே கிடக்கட்டும்" என்றாள், கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே.

எட்டரை ஆகிவிட்டது. வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். நான் கதவைத் திறந்துவிட்டேன்.