போன மாசியில் போட்ட பெட்ரோல்

லாஸ்பேட்டையில் அந்தத் தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிம்மதியாகத் தூங்க முடியாது. மேனகா தன் வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்கும் சிவப்புக் காரின் உறையை உருவிவிட்டுச் சாவியைத் திருகுவாள். உறுமல் கிளம்பும். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அணைத்துவிடுவாள். கார் ஓர் அங்குலம்கூட நகராது. பேட்டரி இறங்காமல் இருக்கத்தான் என்று கேட்டவர்களிடம் சொல்வாள். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய்ச் சத்தத்தைப் பற்றிப் பேச யாருக்கும் மனசு வரவில்லை.

எழிலரசன் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருந்த ஒரே பைத்தியம் அந்தக் கார். வாங்கியபோது சாதுவாக இருந்த வண்டி அது. பெரிய ஏர் ஃபில்டர் வைத்தான். கம்பெனி சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு அகலக் குழாய் ஒன்றை மாட்டினான். அப்புறம் சென்னையிலிருந்து வந்த யாரோ ஒருவன் லேப்டாப்பைச் சொருகி, இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் விடுவது, எப்போது தீப்பொறி போடுவது என்று தீர்மானிக்கும் கம்ப்யூட்டர் பெட்டியில் எதையெதையோ மாற்றி எழுதிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அந்த வண்டி எழிலரசனின் காலுக்கு மட்டும்தான் அடங்கியது. மெதுவாகப் போனால் குலுக்கும். கொஞ்சம் அழுத்தினால் பாயும்.

பிள்ளைகள் இல்லாத வீடு. சாயங்காலங்களில் இரண்டு பேரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுப் போய் வருவார்கள். "இப்ப கேட்டியா, அந்தச் சத்தத்த?" என்பான். "கேட்டேன், கேட்டேன்" என்பாள் மேனகா, கைபேசியைப் பார்த்தபடி.

போன வருஷம் மாசி மகத்துக்கு முந்தின நாள் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தான். அது அவன் பழக்கம். விழுப்புரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள், பெட்ரோல் இங்கே சல்லிசு என்று மாநில எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போவார்கள். அப்படியிருக்க, உள்ளூர்க்காரன் அரை டேங்க்கோடு அலைவது கேவலம் என்பது அவன் கட்சி. மறுநாள் காலை, வைத்திக்குப்பத்தில் சாமி பார்க்கக் கிளம்பும்போது, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன் கட்டிலில் உட்கார்ந்தான். திரும்ப எழுந்திருக்கவில்லை. நிரம்பிய டேங்க்கோடு கார் வீட்டிலேயே நின்றுவிட்டது.

வருஷ திதி முடிந்ததும் எழிலரசனின் அண்ணன் இராமதாஸ் பேச்செடுத்தார். பெரியவர்கள் யாரும் இல்லாத குடும்பத்தில் அவர் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு.

"சும்மா நின்னா துருப்புடிச்சிடும்மா. முத்தியால்பேட்டைல ஒரு சொல்தா இருக்காரு, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து ரிடையர் ஆனவரு. அவரு பையனுக்கு இந்த மாதிரி கத்துற வண்டிதான் வேணுமாம். பேசி முடிச்சிடட்டுமா?"

"நான் ஓட்டப் போறேன் மாமா."

"எத?"

"இதத்தான். லைசன்ஸ் வாங்கிட்டேன்."

இராமதாஸ் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "டிரைவிங் ஸ்கூல் வண்டியும் இதுவும் ஒண்ணா? நானே ஒரு தடவ எடுத்துட்டு, அஜந்தா சிக்னல்ல மானம் போய்த் திரும்பி வந்தேன். இது அவன் ஒருத்தன் பேச்சத்தான் கேக்கும்."

"கொஞ்சம் டைம் குடுங்க மாமா."

"சித்திரை வரைக்கும் பாரு. அதுக்குள்ள என்னைய உக்கார வச்சு பீச் வரைக்கும் ஓட்டிக் காட்டு, உனக்கே இருக்கட்டும். முடியலன்னா குடுத்துடலாம். வாசல்ல நிறுத்தி வச்சுப் பாத்துப் பாத்து அழுவறதுக்கா கார்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் மேனகாவால் கோபப்பட முடியவில்லை.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வந்து வண்டியைத் தெருவில் இறக்கிக் கொடுத்தார். தனியாகக் கிளம்பியவள் கொக்கு பார்க் சிக்னலில் மாட்டிக்கொண்டாள். பச்சை விழும், கிளட்ச்சை விடுவாள், வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து அணைந்துவிடும். மறுபடி சிவப்பு. பின்னால் நின்ற ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டினான். "யக்கா! வண்டி வேணாம்னா எறங்கிக்க, நாங்க எடுத்துக்கறோம்!" எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குறுகலான கேட்டுக்குள் நுழைக்கப் பயந்து தெருவோரப் புங்க மரத்தடியிலேயே நிறுத்தினாள்.

மேனகா ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். பக்கத்து இயற்பியல் ஆய்வகத்துச் சுப்பிரமணியன்தான் சொன்னார். "இது ரிப்பேர் வேல இல்ல மேடம். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியத் திரும்ப ட்யூன் பண்ணணும். ஆனா ஆள பாத்துப் புடிங்க. இல்லன்னா இருக்கறதும் போயிடும்."

முதலில் பார்த்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீல விளக்கெல்லாம் போட்ட ஒரு கடை. கடைக்காரன் நாற்காலியை விட்டு எழவில்லை. "என்ன மாடல்? ரெடியா ஃபைல் இருக்கு மேடம். ஏத்திவிட்டா பறக்கும்."

"வண்டியப் பாக்க வேணாமா?"

"எதுக்கு? எல்லாம் ஒரே வண்டிதானே?"

மேனகா நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த ஆள் மேட்டுப்பாளையத்தில் ஒரு ஷெட்டுக்குள் இருந்தார். பெயர் அரிகிருஷ்ணன். ஓரகடத்தில் கார் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமும் இல்லை. ஆனால் யார் ஓட்டுவது, எந்த ரோட்டில், ஏசி போடுவீர்களா, எந்த இடத்தில் அணைகிறது என்று கேட்டுக்கொண்டே போனார்.

மேனகா ஒன்றே ஒன்று கேட்டாள். "இப்ப உள்ள எழுதியிருக்கறத அழிச்சுடுவீங்களா?"

"அழிக்கறதா? மொதல்ல அத அப்படியே காப்பி எடுத்து வப்பேன், அப்புறந்தான் கைய வப்பேன். புடிக்கலன்னா பழசையே திருப்பி ஏத்திடலாம். காப்பி எடுக்காதவன் கையில வண்டியக் குடுக்காதீங்க மேடம், அது நானாவே இருந்தாலும்."

அந்தப் பதிலுக்காகத்தான் அவள் அவரைத் தேர்ந்தெடுத்தாள்.

வண்டியை உடனே கொண்டுவர வேண்டாம் என்றார். "நோஞ்சான் வண்டிய ட்யூன் பண்ணா நோஞ்சான் வேகமா ஓடுவான், அவ்வளவுதான். மொதல்ல ஆயில், பிளக் எல்லாம் மாத்துங்க. எங்கயாவது காத்து ஒழுகுதான்னு பாக்கச் சொல்லுங்க. டிக்கிய காலி பண்ணுங்க. கம்பெனி சைலன்சர் இருந்தா எடுத்துட்டு வாங்க. முக்கியமா, டேங்க்ல புது பெட்ரோல் இருக்கணும்."

தட்டாஞ்சாவடி மெக்கானிக் ஒருவர் ஆயிலும் பிளக்கும் மாற்றினார். விரிசல் விட்ட ரப்பர் குழாய் ஒன்றைக் கண்டுபிடித்து மாற்றினார். டிக்கியை மேனகாவே காலி செய்தாள். மழைக்கோட்டு, இழுவைக் கயிறு, என்றோ வாங்கி மறந்துபோன கடலை மிட்டாய்ப் பொட்டலம். பரணிலிருந்து சைலன்சரை இறக்கும்போது தலையெல்லாம் ஒட்டடை. எல்லாம் செய்தாள், பெட்ரோலை மட்டும் தொடவில்லை. ஒரு வருஷமாக நின்ற பெட்ரோல் என்னவாகும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேசான பகுதி ஆவியாகிப் போகும், மிச்சம் பிசின் கட்டும். தெரியும். ஆனால் அவன் கையால் வீட்டுக்குக் கொண்டுவந்ததில் அரிசி தீர்ந்துவிட்டது, சோப்பு தீர்ந்துவிட்டது, செருப்பைக்கூட இராமதாஸ் யாருக்கோ கொடுத்துவிட்டார். இது ஒன்றுதான் மிச்சம்.

"பெட்ரோல் புதுசுதானே?" என்று அரிகிருஷ்ணன் கேட்டபோது "ஆமா" என்றாள்.

அவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் உட்கார்ந்தார். ஓட்டப் போவது அவள் என்பதால் அவளே ஓட்ட வேண்டும் என்பது அவர் முறை. தொழிற்பேட்டைச் சாலையில் "அழுத்துங்க" என்றார். அழுத்தினாள். இஞ்சினுக்குள் யாரோ சின்னக் கற்களைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஓரமா நிறுத்துங்க."

இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். "வார்னிஷ் வாசனை அடிக்குது. கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கேன்னீங்களே மேடம், உங்களுக்குத் தெரியாதா? எப்ப போட்டது இது?"

மேனகா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள். "போன மாசில. அவரு போட்டது."

அரிகிருஷ்ணன் மூடியைத் திருகி மூடினார். டயரை ஒரு உதை உதைத்தார். வந்து கதவருகே குனிந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"இத வச்சு எழுதினா, இந்தப் பெட்ரோல் இருக்கற வரைக்குந்தான் வண்டி சரியா ஓடும். இது தீந்த அன்னிக்கு எல்லாம் தப்பாயிடும். வேணும்னா இப்பவே ட்யூப் போட்டு எடுத்துடறேன், அஞ்சு நிமிஷம்."

"வேணாம்."

"சரி. அழுத்தாம மெதுவா ஓட்டினா இஞ்சினுக்கு ஒண்ணும் ஆயிடாது. ஓட்டித் தீத்துட்டு வாங்க."

கல்லூரி விட்டு வந்ததும் தினமும் கிளம்பினாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடி வரை போவாள். சாலையோரம் நிறுத்திக் கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பாள், திரும்புவாள். முதல் நாட்களில் வழிநெடுக அணைந்தது. பின்னால் வந்த பஸ்காரர்கள் எல்லோரிடமும் திட்டு வாங்கினாள். அங்கே மீன் விற்கும் செல்வாம்பாள் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஏம்மா, தெனம் வர்ற, நிக்கிற, போற. மீனு வாங்கவும் காணோம். என்னாத்துக்கு வர்ற?"

"பெட்ரோல தீக்கறதுக்கு."

"நல்ல கூத்துடி இது! ஊரே பெட்ரோல் ஊத்த அலையுது, இவ தீக்க அலையிறா. அப்படியே கால் கிலோ சங்கரா வாங்கிட்டுப் போ, வீட்ல ஆக்கித் தின்ன ஆளில்லயா?"

"இல்ல" என்றாள் மேனகா.

போகப் போக வண்டி பிடிபட்டது. முதல் கியரில் கிளட்ச்சை விடும் அந்த இடத்தில்தான் குதிக்கிறது, அதற்கு முன்னாலேயே ஆக்ஸிலரேட்டரை ஒரு நூல் கூடுதலாகக் கொடுத்தால் குதிப்பதில்லை. பச்சை விழுவதற்கு முன்பே எழிலரசன் ஏன் முன்னால் சாய்ந்துகொள்வான் என்று இப்போதுதான் புரிந்தது. பேச்சின் நடுவே "இரு, இரு" என்று அவளை ஏன் நிறுத்துவான் என்பதும். பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் அவள் அதைக் கவனித்ததேயில்லை. "எதுக்கு இப்படிக் கிறுக்குத்தனமா எழுத வச்சிருக்க?" என்று அவனை வாய்விட்டுத் திட்டினாள். குலுங்கும்போதெல்லாம் திட்டினாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து வெகுநாளாகியிருந்தது. காருக்குள் உயர்ந்தது.

பெட்ரோல் முள் இறங்க இறங்க அவளுக்குச் சிக்கனம் வந்துவிட்டது. ஒரு நாள் கருவடிக்குப்பத்தோடு திரும்பினாள். ஒரு நாள் கிளம்பவே இல்லை. ஆனால் சித்திரை பிறந்துவிட்டது. இராமதாஸ் போன் செய்து, சொல்தா வீட்டில் கேட்கிறார்கள் என்றார். அன்று சாயங்காலம் பிள்ளைச்சாவடியையும் தாண்டிப் போய், டேங்க் காலி என்று சிவப்பு விளக்கு எரியும்வரை ஓட்டினாள்.

புதுப் பெட்ரோலோடு ஷெட்டுக்குப் போனபோது, அவள் வண்டியை வளைத்து நிறுத்திய விதத்தைப் பார்த்து அரிகிருஷ்ணன் கை தட்டினார். "நீங்கதான் பழகிட்டீங்களே மேடம்! இப்ப நான் எழுதணுமா, வேணாமா?"

இப்படியே பீச் வரை ஓட்டிக் காட்டிவிடலாம்தான். ஆனால் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு குலுக்கல் போதும். அதோடு, தினமும் யாருமில்லாத இருக்கையைத் திட்டிக்கொண்டே எத்தனை நாள் வேலைக்குப் போவது?

"எழுதுங்க" என்றாள். "பழச மட்டும் காப்பி எடுத்து வச்சுடுங்க."

"பென்டிரைவ்ல போட்டுக் குடுக்கட்டுமா?"

"வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும்."

பழைய சைலன்சரை மாட்டினார்கள். மதியம் முழுக்க அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் தட்டினார், நிறுத்தினார், மறுபடி ஓட்டச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை இராமதாஸை ஏற்றிக்கொண்டு பீச்சுக்குப் போனாள். கொக்கு பார்க், ராஜீவ் காந்தி சிலை, எந்தச் சிக்னலிலும் அணையவில்லை. வண்டி தண்ணீரில் போவது போலப் போயிற்று. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த இராமதாஸ் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பீச்சுக்கு முன்னால் அவள் நிறுத்தியதும், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "அவன் வண்டில வந்த மாதிரியே இல்லம்மா" என்றார்.

"நல்லா இல்லயா மாமா?"

"நல்லாத்தான் இருக்கு. எல்லார் வண்டி மாதிரியும் இருக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வச்சுக்க. அந்த சொல்தாகிட்ட நான் சொல்லிடறேன்."

அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சுப்பிரமணியனின் எண்ணை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு இருப்பார் என்று வைத்துவிட்டாள்.

தெருமுனை வந்ததும் புங்க மரத்தடிக்குப் போகவில்லை. இனி ஊர்ந்து ஊர்ந்து உள்ளேயே விட்டுவிடலாம். கேட்டுக்கு எதிரே நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கேட்டைத் திறக்க இறங்குவது எப்போதும் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வேலை. எழிலரசன் ஓட்டிய நாளெல்லாம் அது அவள் வேலை.

ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினாள். ஒரு கதவைத் தள்ளிக் கல் வைத்தாள். மறு கதவைத் தள்ளும்போது பின்னால் சத்தமே இல்லை. வண்டி அணைந்துவிட்டதோ என்று திரும்பிப் போய் பானெட்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.