சுங்கப்படி

கத்தரி அசைவதில்லை. தகரம்தான் அதன் வாய்க்குள் மெதுவாகச் சுற்றி வருகிறது. இடது கை ஒரு விரற்கடை திருப்ப, வலது கை ஒரு கடி கடிக்கிறது. ஆணியால் கீறிய வட்டத்தின் மேலேயே வெட்டு வந்து முடிந்ததும் கட்டைவிரல் விளிம்பைச் சுற்றித் தடவுகிறது. பிசிறு தட்டிய இடத்தில் அரம் இரண்டு முறை போய் வருகிறது. நவச்சாரத்தில் உரசிய சூட்டுக்கோல் ஈயத்தைத் தொட்டதும் ஒரு வெள்ளைப் புகை. அந்தப் புகைக்குக் கண்ணைச் சுருக்காதவர் இந்த ரோட்டில் ஒருவர்தான்.

தகரக்கார குஞ்சிதபாதத்தின் கொட்டகை வடக்குத்து ஊரிலிருந்து சுரங்க டவுன்ஷிப்புக்குப் போகும் ரோட்டோரத்தில் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் வீடுகளின் மண்ணெண்ணெய்ப் புனல், முறுக்கு டின், கதவில் தொங்கும் தபால் பெட்டி எல்லாம் பெரும்பாலும் இவர் கை வேலை. தொழிலை யாரிடமும் கற்கவில்லை. சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்ட ஊர் ஒன்றில் ஏர் ஓட்டிக் கூலி வாங்கியவர். அந்த ஊரைக் காலி செய்த வருஷம் ஒரு பழைய எண்ணெய் டின்னை மடிப்பு மடிப்பாகப் பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைத் திரும்பச் சேர்த்தார். அவ்வளவுதான் படிப்பு.

படியும், அதில் கால் பங்கான உழக்கும், அரைக்கால் பங்கான ஆழாக்கும் செய்வதில்தான் அவருக்குப் பெருமை. ஒரு பித்தளைப் படியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அதில் தலைதட்டிய கேழ்வரகைப் புதிய படியில் கொட்டி, சிந்தாமல் குறையாமல் நின்றால்தான் வேலை முடிந்தது. இதை வாங்குகிறவர் கண்ணெதிரே செய்து காட்டாமல் எந்த அளவையும் கைமாற்ற மாட்டார். அவசரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். "ரெண்டு நிமிசம் நிக்க மாட்டியா? இத வெச்சிக்கினு நீ ஊருக்கே அளக்கப் போற" என்பார்.

இன்னொரு பழக்கம் செய்தித்தாள். சுரங்கத்தில் ஜெர்மன் இயந்திரத்தோடு வேலை பார்க்கும் கருணாகரன், காலை ஷிப்ட் முடிந்து வரும்போது முந்தின நாள் பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போவார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். குஞ்சிதபாதம் முதலில் தேடுவது சினிமாவை அல்ல, எந்த நாடு எந்தச் சரக்குக்கு வரி போட்டது என்பதை. பழுப்பு நிலக்கரி வெளிவரத் தொடங்கி மூன்றாவது வருஷம், ஒரு செய்தி அவரை உட்காரவிடவில்லை. ஜெர்மன்காரர்களும் அவர்கள் கூட்டாளிகளும் அமெரிக்கக் கோழிக்கு வரியை ஏற்றிவிட்டார்கள். அமெரிக்கா சும்மா இருக்கவில்லை. அவர்கள் அனுப்பும் சின்ன லாரிக்கும் பிராந்திக்கும் ஒரு வரி போட்டது.

"கோழிக்கு லாரி. இதுதான் பேச்சு" என்றார் குஞ்சிதபாதம். "கெஞ்சினா எவன் வர்றான்? வலிக்கிற எடத்துல கைய வெச்சா தானா பேச வருவான்."

"வருவான்னு பேப்பர்ல போட்டிருக்கா, அண்ணாச்சி?" என்று கேட்டார் கருணாகரன்.

"போடுவான் பாரு."

அந்தச் சமயம் இவர்கள் பக்கம் ஒரு தகராறு இருந்தது. கிழக்கே பக்கத்து ஊர்ச் சந்தைக்கு முந்திரிக்கொட்டை கொண்டுபோகும் இந்த ஊர் ஆட்களிடம் சுமைக்கு ஒரு படி சுங்கமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ரோட்டோரத்தில் கூடும் ஞாயிற்றுச் சந்தைக்கு அவர்கள் புளியும் கருவாடும் வேர்க்கடலையும் கொண்டுவந்தார்கள். யாரும் ஒரு பிடி எடுத்ததில்லை. சந்தையைக் கவனிக்கும் டீக்கடை பழனிசாமியிடம் குஞ்சிதபாதம் கோழிக் கதையைச் சொன்னார். நாமும் சுமைக்கு ஒரு படி எடுப்போம், ஒரே மாதத்தில் இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசி இரண்டு சுங்கத்தையும் எடுத்துவிடலாம் என்றார். சந்தைக் கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். சுங்கப்படியை அவரே செய்து, அளந்து காட்டிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

ஒரு மாதத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் சுங்கத்தை இரண்டு படியாக்கினார்கள். பேச யாரும் வரவில்லை. எடுத்த சரக்கைச் சந்தைக் கமிட்டியார் பங்கிட்டுக்கொண்டார்கள். யோசனை சொன்னவருக்கு என்று ஞாயிறுதோறும் சாயங்காலம் ஒரு பொட்டலம் வேகவைத்த வேர்க்கடலை வந்தது. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அதை உரித்துத் தின்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

அப்படி ஒரு சாயங்காலம் வீராயி வந்து நின்றாள். பக்கத்து ஊர்க்காரி. அவள் ஊரில் ஷிப்ட் முடிந்து வந்து கடலை வாங்குகிறவர்கள் கிடையாது. அதனால் ஞாயிறுதோறும் தலையில் ஒரே ஒரு கூடை வேகவைத்த கடலையோடு, அவள் பேச்சில் மல்லாட்டையோடு, இங்கே நடந்து வருகிறவள். மடியிலிருந்து ஓர் ஆழாக்கை எடுத்தாள். நாலு வருஷத்துக்கு முன் அவர் செய்து கொடுத்தது.

"அண்ணா, இதுக்கு உள்ள ஒரு அடி வெச்சிக் குடுங்க. கொஞ்சம் மேல தூக்கி."

அவருக்குச் சுருக்கென்றது. "கள்ள ஆழாக்கா? எங்கிட்டயா வந்து கேக்கற?"

"வேற ஒருத்தரு செஞ்சி தர்றேன்னாரு. உங்க கையால செஞ்சது, உங்களக் கேக்காம மாத்த மனசு வர்ல." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்கூட்டுக் கூடை எட்டுப்படி கூட புடிக்காது. அதுல ஒரு படி சுங்கத்துக்குப் போவுது. அந்த ஒரு படிதான் எனக்கு லாபமா நின்னுக்கினு இருந்தது. அத எங்கப் போய்ப் புடிக்கிறது? வாங்கறவங்க ஆழாக்குலதான் புடிக்கணும்."

மூட்டைகளை நினைத்துச் செய்த படி அது. கூடையை அவர் நினைக்கவேயில்லை. கையில் இருந்த கடலையைக் கீழே வைத்தார். அவர் முன்னால் பேப்பர் மேல் கடலைத் தோல் குவிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"இந்த வாரம் மல்லாட்டைக்கு உப்பு கொஞ்சம் கூடிப்போச்சிண்ணா" என்றாள். குத்திச் சொன்னதல்ல. தன் சரக்கைத் தின்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவர் காது வரைக்கும் சூடு ஏறியது.

ஆழாக்கைப் புளி போட்டுத் தேய்த்து, அடியைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு வாரம் பொறுத்துக்க" என்று மட்டும் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் காலையே டீக்கடைக்குப் போனார். கூடைக்காவது சுங்கத்தை விட்டுவிடலாம் என்றார்.

பழனிசாமி டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "இன்னா தகரக்காரரே, நீங்கதான சொன்னீங்க, நாம மொதல்ல எறங்கினா அவன் தலமேல ஏறி உக்காந்துக்குவான்னு? இன்னிக்குக் கூடைய வுட்டா நாளைக்கு மூட்டைக்காரன் பத்துக் கூடையில கொண்டாருவான்."

"சொன்னேன்" என்றார் குஞ்சிதபாதம். "இத்தன நாளா பேச ஒருத்தனும் வர்லியே."

"வருவான். கோழிக்காரன் வந்துட்டானா?"

பெஞ்சில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். அன்று பேப்பர் கொடுக்க வந்த கருணாகரனிடம் குஞ்சிதபாதம் அதையே கேட்டார். கோழி வரியும் அப்படியே இருக்கிறது, லாரி வரியும் அப்படியே இருக்கிறது என்றார் அவர். "லாரி செஞ்சவன் கோழி வளத்தானா, அண்ணாச்சி? அவனுக்கு எதுக்கு அடி?" குஞ்சிதபாதம் பேப்பரைப் பிரிக்காமலே பெட்டியடியில் வைத்தார். அந்த ஞாயிறு வந்த பொட்டலத்தை, பல் வலி என்று திருப்பி அனுப்பினார். பல்லில் வலி இல்லை.

சுங்கப்படியின் அடியில் ஈயப் பற்று விட்டுப்போய்ப் பழுதுக்கு வந்தது அடுத்த புதன்கிழமை. இரண்டு நாள் அதைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகைப் படலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கத்தரியின் வாய்க்குள் சுற்றி வந்த அந்த வட்டத் தகரம் இதற்குத்தான். பழைய அடியை அடைத்துவிட்டு, உள்ளே அதற்கு மேலே புதிய அடியை இறக்கி, சுற்றிலும் ஈயம் ஓட்டினார். பிறகு பித்தளைப் படியை அவிழ்த்து, கேழ்வரகைத் தலைதட்டிச் சுங்கப்படியில் கொட்டினார். மூன்று உழக்கோடு படி நிறைந்தது. மிச்சம் ஓர் உழக்கு விளிம்பைத் தாண்டிச் சாக்கின் மேல் வழிந்தது. பொய்யிலும் ஒரு மணி பிசகாத அளவு. அவர் கொட்டகையில் தானியம் சிந்தியது அதுதான் முதல் தடவை. குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார்.

இனி எட்டுப்படிக் கூடைக்கு ஓர் உழக்குதான் மிஞ்சும். சுங்கத்துக்கு முன் ஒரு படி அவளுக்கு மிஞ்சிக்கொண்டிருந்தது. இது அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை பழனிசாமியே வந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சி. ஈயப் பத்து வெச்சிருக்கேன்."

வழக்கம் தெரிந்தவராகையால் பழனிசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குஞ்சிதபாதம் பித்தளைப் படி இருந்த பெட்டியின் பக்கம் திரும்பவில்லை.

"இன்னா, இன்னிக்கு அளந்து காட்டலியா?"

"பழைய படிதான" என்றார் குஞ்சிதபாதம். சுங்கப்படியை வேட்டி முனையால் ஒரு தடவை துடைத்து, வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து, இரண்டு கையாலும் நீட்டினார்.