புருல்சுன் நம்பாத புட்டி

புருல்சுன் யாரையும் நம்ப மாட்டாள். பால்காரி கண்ணெதிரிலேயே பாலை முகர்ந்து பார்ப்பாள். நாற்பது வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிற என்னையும் நம்பியதில்லை. ஆனாலும் நல்லவள். மாற்றிச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவள் புருஷன் லாரி ஓட்டினான். ஒருமுறை பேட்டரி அமிலம் கொட்டி, அவள் சீதனமாகக் கொண்டுவந்த கம்பளத்தைத் தின்றுவிட்டது. கேன் மேல் H2SO4 என்று இருந்ததாம். எனக்கு எழுத்து தெரியாது. முதல் எழுத்து ஆட்டுப்பட்டி வாசல் மாதிரி, இரண்டு கம்பமும் குறுக்கே ஒரு கட்டையும். அது முன்னால் நின்றால் அமிலம் என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

போன இலையுதிர் காலத்தில் வெள்ளரிக்காய் ஊறுகாய் போடுகிற நாள். சுவர் மேல் எட்டிக் கூப்பிட்டாள். "அக்கா, வந்து சாட்சி சொல்லு. மருமக மருந்துப் பெட்டியில அமிலம் ஒளிச்சு வச்சிருக்கா. சாயங்காலம் மகன் தாலய்பெக் வந்ததும் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிடறேன்."

புட்டியில் H2O2 என்று இருந்ததாம். பட்டிவாசல் முன்னால்தான் நின்றது.

மருமகள் சைகல் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். முகம் வெளுத்துப் போனது. "அத்தை, அது காயத்துக்குப் போடறது. முதல்ல H இருந்தா மட்டும் போதாது. தண்ணியும் H2O தானே."

"தண்ணியையும் சேத்துக்கிட்டியா? நல்லா இருக்கு."

வெள்ளரி நறுக்கும்போது சைகலுக்கு விரல் கீறியிருந்தது. அந்தப் புட்டி மருந்தை அதில் ஊற்றினாள். வெள்ளையாக நுரைத்தது.

"பாத்தியாக்கா, கொதிக்குது," என்றாள் புருல்சுன்.

விரலைப் பிடித்துப் பார்த்தேன். கீறலைத் தவிர ஒன்றுமில்லை. "கொதிக்கல, புருல்சுன். சும்மா நுரைக்குது."

"இப்ப அமிலம் எது தெரியுமா, அத்தை?" சைகல் ஊறுகாய்க்குத் தண்ணீர் கலந்து ஊற்ற வைத்திருந்த கெட்டி வினிகர் புட்டியைத் திருப்பினாள். CH3COOH என்று படித்துக் காட்டினாள். "இது."

"முன்னால H இல்லையே?"

"கடைசியில நிக்குதே, அந்த H தான் புளிப்பு. இப்படியே தண்ணி கலக்காம குடிச்சா தொண்டையே வெந்துடும்."

புருல்சுன் அந்தப் புட்டியை வெகுநேரம் முறைத்தாள். சாயங்காலம் தாலய்பெக் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டாள். சைகல் தேநீர்க் கிண்ணத்தோடு அசையாமல் நின்றாள்.

"டேய், போய் அந்த வினிகர்க் கடைக்காரனைக் கேளு. பட்டிவாசலைப் பின்னால வச்சு யாரை ஏமாத்தறான்? உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போ. அவளுக்குத்தான் படிக்கத் தெரியும்."