ஏழு சென்டிமீட்டர்

கோலார் தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளில் எந்தத் தாயும் பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டு அழைத்து வருவதில்லை. போட்டாலும் வினோலியா மிஸ் கழற்றிவிடுவாள். செருப்பு, அரைஞாண் கயிற்றில் தொங்கும் தாயத்து, சட்டைப்பையில் கிடக்கும் கோலிக்குண்டு எல்லாம் வெளியே வந்த பிறகுதான் பிள்ளை தராசில் ஏறும். பதினான்கு வருஷமாக இதே கெடுபிடி. "இந்த மிஸ்ஸாண்ட அம்பது கிராம் கூட ஏமாத்த முடியாது" என்று லைன் வீடுகளில் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு உள்ளூர அதில் பெருமைதான்.

ஜூனில் புதிதாகச் சேர்ந்தவன் ஷெர்வின். மூன்று வயது. தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம், ஒன்பது கிலோ நானூறு. அந்த உயரத்துக்குப் பன்னிரண்டு கிலோவாவது இருக்க வேண்டும். விலா எலும்புகளை அட்டவணை இல்லாமலே எண்ணலாம். அவன் அம்மா பல்லவி விடியற்காலை ரயிலேறி பெங்களூரில் ஒரு ஆபீசைக் கூட்டிப் பெருக்கப் போகிறவள். அளவுகளை அங்கன்வாடி போனில் போட்டதும் அவன் பெயருக்கு நேரான கட்டம் சிவப்பானது. வினோலியா அவளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "சிவப்புல கீறான் பல்லவி. கோலார் ஆஸ்பத்திரியில பதினாலு நாள் வெச்சு தேத்துவாங்க. லீவு சொல்லிடு."

மூன்றாம் நாள் மீட்டிங். கன்னடக்காரரான சூப்பர்வைசர் மமதா எல்லா மிஸ்களின் போனையும் வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தவர், வினோலியாவின் போனில் நின்றார்.

"முப்பத்தெட்டு பிள்ளைங்கள்ல அஞ்சு சிவப்பா? பதிமூணு சதவீதம்! நம்ம வட்டத்தோட சராசரியே ரெண்டுதான் வினோலியா அவ்ரே. உங்க ஒருத்தரால எல்லாருக்கும் கெட்ட பேரு."

"அளந்தா அதாங்க வருது மேடம்."

"எடையைத் தொடாதீங்க, அதுக்குத் தராசைப் படம் எடுத்து ஏத்தணும். உயரத்துக்கு யாரு படம் கேக்கறாங்க? குள்ளமான பிள்ளைக்கு அந்த எடை போதும்னு ஆயிடும். ஏழு சென்டிமீட்டர் குறைங்க, பச்சை ஆயிடும்."

"அப்ப வயசுக்கு உயரம் பத்தலன்னு வருமே?"

"அந்தக் கட்டத்தை இந்த மாசம் யாரும் பாக்கறதில்ல."

என்ன சாமர்த்தியம்! பிள்ளையின் வயிற்றில் ஒரு முட்டை கூடுதலாகப் போகவில்லை. காலை வெட்டிக் காகிதத்தில் கொழுக்க வைத்தாகிவிட்டது. வினோலியாவுக்கு அந்த அம்மாள் மேல் அருவருப்பு வந்தது. சுற்றிலும் பார்த்தாள். மற்ற மிஸ்கள் தலையைக் குனிந்துகொண்டு பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் அந்த ரெண்டு சதவீதமே இப்படி வந்ததுதானா? சீ என்று எழுந்து வரவேண்டியவள், உட்கார்ந்த இடத்திலேயே எண்பத்து மூன்று என்று போட்டாள். கட்டம் பச்சையானது. மீதி நான்கு பிள்ளைகளுக்கும் அப்படியே. சிவப்புப் பிள்ளைகளை ஏற்றிப்போக ஆஸ்பத்திரி வண்டி வரும்போது வாயால் சொல்லி ஷெர்வினை ஏற்றிவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கையாலாகாதவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் சமாதானம்தான்.

வண்டி ஜூலை இரண்டாம் வாரம் வந்தது. பல்லவி பையில் துணியும் பிள்ளையின் தட்டும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். நர்ஸ் கரோலின் பட்டியலைப் பார்த்தாள்.

"ஷெர்வின் பேரு இல்லியே. போன்ல பச்சைன்னு காட்டுது."

பல்லவியின் முகம் அப்படியே மலர்ந்தது. "பச்சையா? மிஸ், அப்ப எம்புள்ள தேறிட்டானா? நீங்க குடுத்த மாவுதான் மிஸ்! நான்தான் தெரியாம லீவு போட்டுட்டு வந்துட்டேன்." அவள் வினோலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கையை உதறவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. மமதா மேல் வந்ததை விட மோசமான அருவருப்பு இப்போது தன் மேலேயே வந்தது.

"தேறல பல்லவி. நான்தான் அவன் உயரத்தைக் குறைச்சிப் போட்டேன். மேல சிவப்பு வேணாம்னாங்க, போட்டுட்டேன். இப்படி நில்லு கண்ணு ஷெர்வின், இப்பவே திருப்பி அளந்துடறேன்."

பல்லவி கையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க வேணாம் மிஸ். இந்த சிஸ்டர் அளக்கட்டும்."

கரோலின் அளந்தாள். தொண்ணூற்றரை. போனில் போட்டாள், ஒரே மாதத்தில் இவ்வளவு வளர முடியாது, சரிபார்க்கவும் என்று அது மறுத்தது. பொய்யை மறுபேச்சில்லாமல் விழுங்கிய போனுக்கு உண்மை தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"பேப்பர்ல எழுதிக் குடுங்க மிஸ். ஆனா கையெழுத்து உங்களுதுதான் இருக்கணும். உங்க வேலைக்கு இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது" என்றாள் கரோலின்.

வினோலியா எழுதினாள். ஷெர்வின் பெயர் மட்டுமல்ல, ஐந்து பெயர்களையும், உண்மையான உயரங்களையும். கீழே கையெழுத்து போட்டாள். வண்டி ஷெர்வினோடும் பல்லவியோடும் போனது. மற்ற நான்கு பேருக்கு அடுத்த நடை என்றார்கள். மமதாவிடமிருந்து அன்றைக்கே விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதைப் படித்தபோது அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றியது ஆகஸ்டில், எடை பார்க்கும் நாளில். அதற்குள் விஷயம் லைன் வீடுகளுக்கெல்லாம் எட்டியிருந்தது. வழக்கம்போலச் செருப்பைக் கழற்றச் சொன்னாள், தாயத்தை எடுக்கச் சொன்னாள். எல்லோரும் சொன்னபடி செய்தார்கள். பிள்ளை உயரப் பலகையில் நின்றதும், ஒவ்வொரு தாயும் மிஸ்ஸைத் தாண்டி வந்து, குனிந்து, எண்ணைத் தானே படித்துப் பார்த்துக்கொண்டாள். வினோலியா ஒதுங்கி வழிவிட்டாள்.